தொட்டுட்டேன்

கேன்டீன்காரம்மா இன்றைக்கும் அரை டம்ளர் டீதான் வைத்தாள்.

மூத்தவர் அதைப் பார்த்தார். பாதிக்குக் கீழே டீ, அதற்கு மேலே வெறும் எவர்சில்வர் பளபளப்பு. பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த மேடைத் தச்சருக்கு வைத்த டம்ளரில் நுரை விளிம்பைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

சில வாரங்களாகவே இப்படித்தான் நடக்கிறது. முதல் தடவை பால் தீர்ந்துபோயிருக்கும் என்று நினைத்தார். அடுத்த தடவை ஏதோ அவசரம் என்று நினைத்தார். கேட்டு வாங்கிக் குடிக்கிற பழக்கம் அவர் வீட்டு ஆண்களுக்குக் கிடையாது. வைத்ததைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ஆனால் இன்று அவர் மனம் நிலையில் இல்லை.

நேற்று மாலை ஒத்திகையின்போது மேடைக்கு மேலே, முன்வரிசை விளக்கு ஒன்றில் பல்பு வெடித்துவிட்டது. விளக்கின் முகத்தில் கம்பி வலை இருந்ததால் கண்ணாடி பெரும்பாலும் உள்ளேயே நின்றது. ஒரு சில்லு மட்டும் வலைக்கண் வழியாக நழுவி, கீழே ஆடிக்கொண்டிருந்த பெண்ணின் வெறுங்காலுக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது. நெருப்பாய்ச் சுட்டுக்கொண்டிருந்த சில்லு. மேடைப் பலகையில் கறுப்பாக ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் ஆறியது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அரங்கத்து மேனேஜர் போனில் பேசிய குரல் மூத்தவரின் காதை விட்டுப் போகவில்லை.

"நாளைக்கு மத்தியானம் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் வாங்க. என் கண்ணு முன்னாடி திறந்து பாருங்க. இனிமே மேல யார் ஏறுறதுன்னும் அப்பவே பேசிடலாம்."

மேல யார் ஏறுறது. இப்படி ஒரு கேள்வியை இதுவரை யாரும் கேட்டதில்லை. லைட்டுக்கார வீடு என்று சொன்னால் ஊரில் உள்ள அத்தனை அரங்கங்களுக்கும் தெரியும். நாடக மேடைக்குச் சூடான பெரிய விளக்குகள், ஆட்டக் கூடங்களுக்குச் சுழல்கிற டிஸ்கோ விளக்குகள் எல்லாம் அந்த வீட்டிலிருந்துதான் போகும். தம்பி சின்னவன் ஆட்களோடு பேசுவான், சிரிப்பான், வேலை பிடிப்பான், ஏணியைப் பிடிப்பான். ஏறுவது மூத்தவர். அப்பா இருந்தவரை அப்பா ஏறினார், அவருக்குப் பிறகு இவர். மேலே போய் அந்த விளக்குக்குள் நீள்கிற கை குடும்பத்தின் கை. அது கெட்ட பெயர் எடுத்தால் ஒரு ஆளுக்கு மட்டும் கெட்ட பெயர் இல்லை.

காலையில் பல் துலக்கும்போது இரண்டு கைகளையும் நீட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன, கைரேகை பார்க்கிறீங்களா? எனக்கும் பார்த்துச் சொல்லுங்க, அடுத்த பிறவியிலயாவது நிம்மதியா இருக்கேனான்னு" என்றாள் அவர் மனைவி.

விரல்கள் ஆடவில்லை. ஆனால் தன் கண்ணுக்குத் தெரியாமல் ஆடினால் என்ன செய்வது? வெடித்த பல்பு அவர் தன் கையால் போட்டது. போன மாதம் மகள் வீடு மாறியபோது ஒரு வாரம் போய்க் கூடமாட இருந்துவிட்டு வந்தார். வந்ததும் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி, அரங்கத்து விளக்குகள் எப்படி இருக்கின்றன என்பதுதான்.

"நான் ஒண்ணும் தொடலண்ணே. எல்லாம் நீங்க வச்ச மாதிரியே இருக்கு" என்றான் சின்னவன்.

அதற்குப் பிறகு முன்வரிசையில் இரண்டு பல்புகள் காலத்துக்கு முன்பே கருகிப்போயின. மூத்தவர் போய்ச் சேருவதற்குள் சின்னவனே ஏறி மாற்றிவிட்டிருந்தான். "எதுக்குண்ணே நீங்க சிரமப்படணும்" என்றான். தம்பிக்குத்தான் எவ்வளவு அக்கறை என்று நினைத்துக்கொண்டார். நேற்று வெடித்தது அந்த இரண்டும் இல்லை. இவர் போட்டது. அதனால்தான் காலையிலிருந்து கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"ஏம்மா, பால் தட்டுப்பாடா?" என்று கேட்டேவிட்டார்.

"அதெல்லாம் இல்லண்ணே" என்றாள் கேன்டீன்காரம்மா.

"அப்ப எனக்கு மட்டும் ஏன் பாதி? நான் பாதி ஆளாத் தெரியறேனா?"

அவள் துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. சின்னண்ணன்தான் சொன்னாரு."

"என்ன சொன்னான்?"

"அண்ணனுக்குக் கை ஆடுது, டம்ளரை நிறைச்சு வைக்காதீங்க, நாலு பேர் முன்னாடி கொட்டிக்கிட்டா அவருக்கு அசிங்கமாப் போயிடும்னாரு. பாசத்துலதான் சொன்னாரு. தம்பின்னா இப்படி இருக்கணும்னு நான்கூட எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். அவரு தம்பி இருக்காரே, அண்ணனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்ததில்ல..."

அவள் மேலே பேசிக்கொண்டு போனாள். மூத்தவர் காதில் எதுவும் விழவில்லை. பக்கத்து மேசைத் தச்சரைத் திரும்பிப் பார்த்தார். ஆணி என்றுதான் அவரை எல்லோரும் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, பேச்சும் நேராக இறங்கும்.

"உங்களுக்கும் தெரியுமா, ஆணி?"

ஆணி தன் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு பேசினார். "பல்பு இப்படி அடிக்கடி போகுதேன்னு கேட்டேன். அண்ணன் கை முன்ன மாதிரி இல்ல, பல்புக் கண்ணாடியத் தொட்டுடறாரு, சொன்னா வருத்தப்படுவாருன்னு சொல்லாம இருக்கோம்னாரு. மேனேஜர்கிட்டயும் அதையேதான் சொன்னாரு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

நாலைந்து வாரங்களாக விளங்காமல் கிடந்த ஒவ்வொன்றும் இப்போது இடம் பார்த்துப் போய் உட்கார்ந்தது. மேனேஜர் "மெதுவா இறங்குங்க, அவசரமில்ல" என்று சொன்னது. வாசல்காரன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. டிஸ்கோ கூடத்து ஆள் கேட்காமலே நாற்காலி இழுத்துப் போட்டது. அதையெல்லாம் மரியாதை என்று எண்ணித் தலையசைத்துவிட்டு வந்திருக்கிறார். அத்தனையும் இரக்கம்!

வெளியாள் ஒருவன் முகத்துக்கு நேரே "உன் கை ஆடுது" என்று சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பார். தம்பி சொன்னால் யார் சட்டையைப் பிடிப்பது?

அரை டம்ளர் டீயையும் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு எழுந்தார்.

இந்த இடத்தில் அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் மூத்தவர் பட்ட அடி எவ்வளவு ஆழம் என்று விளங்காது.

மேடை விளக்குக்குள் இருக்கும் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. எவ்வளவு சுத்தமான கையிலும் எண்ணெய்ப் பசை உண்டு. பல்பு எரியும்போது அந்தப் பசை கண்ணாடிக்குள் வெந்துபோய் இறங்கிவிடும். தொட்ட இடம் மட்டும் வெளுத்து, கொப்புளம்போல வீங்கி, ஒருநாள் வெடிக்கும். அதனால் துணியால் பிடிக்க வேண்டும், அல்லது பல்போடு வருகிற உறையோடு பிடித்துச் செருகிவிட்டுப் பிறகு உறையைக் கழற்ற வேண்டும். இது எல்லா லைட்டுக்காரர்களுக்கும் தெரிந்ததுதான்.

தெரிந்தாலும் விரல் வழுக்கும். ஏணி உச்சியில் யாருக்கும் வழுக்கும். அதற்காக அப்பா ஒரு சொல் வைத்திருந்தார். தொட்டவன் உடனே, எல்லோர் காதிலும் விழும்படி, "தொட்டுட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஏன் தொட்டாய், கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் ஸ்பிரிட்டில் நனைத்த துணியை நீட்டுவார். துடைத்துவிட்டு மேற்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். அப்பாவே சொன்னதுண்டு. மூத்தவரும் சொன்னதுண்டு. அதில் அவமானம் இல்லை. சொல்லாமல் மறைப்பதுதான் அவமானம்.

அந்தச் சொல் மெல்ல மெல்ல வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. குழம்பில் உப்பு கூடிப்போனால் மருமகள்கள் அடுப்படியிலிருந்து "தொட்டுட்டேன்" என்பார்கள். சாப்பிட வந்தவர்கள் வாயைத் திறக்காமல் சாப்பிட்டு எழுவார்கள். சின்னவன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் பரீட்சையில் தோற்றுவிட்டு வந்து வாசலிலேயே நின்றான். "அப்பா, கணக்கத் தொட்டுட்டேன்" என்றான். எதற்கும் அசையாத அப்பா அன்று சிரித்துவிட்டார். அந்தச் சொல்லை அவ்வளவு அழகாகச் சொன்னவன் அந்த வீட்டில் வேறு யாரும் இல்லை.

மேடையில் ஏணி தயாராக நின்றது. கீழே ஒரு மேசை, அதன் முன்னால் மேனேஜர். சின்னவன் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு அங்குமிங்கும் நடந்தபடி அவரிடம் ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். அண்ணனைக் கண்டதும் ஓடிவந்தான்.

"வாங்கண்ணே! ஏன் நடந்தே வந்தீங்க? நான் வந்து கூட்டிட்டு வந்திருப்பேன்ல? இந்தாங்க, உட்காருங்க. இன்னைக்கு நான் ஏறிக்கறேன்."

நாற்காலி போட்டிருந்தான். மெத்தை வைத்த நாற்காலி. அந்த மேடையில் கிடந்த நல்ல நாற்காலி அது ஒன்றுதான்.

"நான் வச்ச பல்பு. நானே திறக்கறேன்" என்றார் மூத்தவர்.

மேனேஜர் சின்னவனைப் பார்த்தார். சின்னவன் மேனேஜரைப் பார்த்தான். கண்ணும் கண்ணும் பேசிக்கொண்டதை மூத்தவர் பார்த்துவிட்டார்.

"இல்லண்ணே, ஏணி கொஞ்சம் உயரம்..."

"நேத்தைக்கா வளர்ந்துச்சு?"

சின்னவன் எப்போதும்போல ஏணியை இரண்டு கையாலும் பிடித்து, அடிக்கட்டையில் ஒரு காலை ஊன்றி நின்றான். மூத்தவர் ஏறினார். ஏறும்போது கீழே பார்க்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. கீழே தம்பி இருக்கிறான், பிறகு எதற்குப் பார்க்க வேண்டும்?

மேலே போய் விளக்கைத் தொடுவதற்கு முன் பிளக்கைத் தன் கையால் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டார். கீழே சுவிட்சை அணைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. விளக்கு நழுவினால் தாங்குகிற சங்கிலியை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் மாட்டிக்கொண்டார். புறங்கையை அருகில் கொண்டுபோனார். நேற்றே ஆறிப்போன விளக்கு, ஆனாலும் பார்த்தார். பிறகு முதுகுப்பக்கக் கதவைத் திறந்தார்.

உள்ளே பல்பின் தலை இல்லை. அடிக்கட்டை மட்டும் செருகியபடி இருந்தது, அதில் ஒரு கண்ணாடித் துண்டு ஒட்டிக்கொண்டு நின்றது. மூத்தவர் அடிக்கட்டையைப் படிக்கப் போனார்.

படிக்க அங்கே எழுத்தே இல்லை.

பல்பின் அடிக்கட்டையில் ஒரு பக்கம் அதன் வாட்டு எழுதியிருக்கும். இரண்டு முள்ளும் ஒரே அளவு, எந்தப் பக்கம் திருப்பிச் செருகினாலும் உட்காரும், எரியும். ஆனால் அந்த எழுத்து கதவைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. அடுத்து வருகிறவன் பல்பைப் பிடுங்காமலே படித்துக்கொள்ளலாம் இல்லையா? மூத்தவர் இன்றுவரை வேறு மாதிரி போட்டதில்லை. சின்னவன் டிஸ்கோ விளக்குகளை மேசையில் வைத்துப் பல்பு மாற்றும்போதெல்லாம் இதற்காகத் திட்டு வாங்குவான். "உள்ள போய் எரியப்போகுது. அது எந்தப் பக்கம் பார்த்தா என்னண்ணே? பொண்ணு பார்க்கவா வந்திருக்கு?" என்பான்.

இந்த எழுத்து கதவுக்கு முதுகைக் காட்டி உட்புறம் திரும்பியிருந்தது.

மூத்தவர் பக்கத்து விளக்கின் பிளக்கையும் பிடுங்கிவிட்டு அதன் கதவைத் திறந்து பார்த்தார். அங்கும் எழுத்து இல்லை. அது ஒன்றும் கருகி மாற்றிய விளக்கு அல்ல. நீங்க வச்ச மாதிரியே இருக்கு என்று தம்பி சொன்ன விளக்கு.

எல்லாம் வெட்ட வெளிச்சமாகிவிட்டது. இவர் மகள் வீட்டில் இருந்த வாரத்தில் தம்பி ஏறியிருக்கிறான். வெறும் கையால் போட்டிருக்கிறான். 'நான் ஒண்ணும் தொடலண்ணே' என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறான். பல்புகள் ஒவ்வொன்றாகக் கருகத் தொடங்கியதும், தன் விரலை மறைக்க அண்ணன் விரலை ஆட வைத்திருக்கிறான்.

கை ஆடவில்லை என்று தெரிந்ததில் அவருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆடியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

அடிக்கட்டையைப் பக்குவமாகப் பிடுங்கித் துணியில் வைத்துக்கொண்டு இறங்கினார். மேசையில் துணியை விரித்தார். ஒட்டிக்கொண்டிருந்த கண்ணாடித் துண்டில் வெள்ளையாக ஒரு கொப்புளம், கட்டைவிரல் அகலத்துக்கு. அதில் மெல்லிய ரேகைகள்கூடத் தெரிந்தன. எழுத்து இருந்த பக்கம் மேலே தெரியும்படி வைத்துவிட்டு விலகி நின்றார்.

"இது என்ன?" என்றார் மேனேஜர்.

"விரல் பட்ட இடம் சார். இதுலதான் வெடிச்சிருக்கு."

சொல்லிவிட்டு மூத்தவர் தம்பியைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார் அவ்வளவுதான். அந்தச் சொல்லைக் கேட்டு வாங்க முடியாது, தானாக வர வேண்டும். இப்போது வந்தாலும் போதும் என்றுதான் நினைத்தார். இத்தனை நாள் ஊரெல்லாம் பேசியதைக்கூட மென்று விழுங்கிவிடலாம். ஒரு சொல், அந்தச் சொல் வந்தால் போதும்.

சின்னவன் கொப்புளத்தைப் பார்த்தான். எழுத்தைப் பார்த்தான். அண்ணன் மேலே எதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினான்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே சார். அவர் மேல தப்பு இல்ல. வயசாயிடுச்சு, கை முன்ன மாதிரி இல்ல. இத்தனை வருஷம் உழைச்ச கை சார் அது. இனிமே நான் பார்த்துக்கறேன். அண்ணன் உட்கார்ந்து சொன்னா போதும்."

சொல்லிக்கொண்டே அண்ணன் தோளில் கையை வைத்தான், ஆறுதல் சொல்வதைப்போல.

மூத்தவர் அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார். உதறவில்லை, பிடுங்கிய பிளக்கை எடுத்து வைப்பதுபோல எடுத்து வைத்தார்.

"சார், ஒரு நிமிஷம் இருங்க. உங்களுக்கு ஒரு டீ கொண்டு வரேன்" என்றார்.

"டீயா? இப்பவா?"

அவர் அதற்குள் மேடைப் படியில் இறங்கிவிட்டார். காலி இருக்கைகளுக்கு நடுவே நடந்து பக்கக் கதவு வழியாகக் கேன்டீனுக்குப் போனார்.

"ஒரு டீ கொடும்மா. விளிம்பு வரைக்கும்."

கேன்டீன்காரம்மா முழித்தாள். "அண்ணே, சுடும்ணே."

"சுட்டா எனக்குத்தானே சுடும்? ஊத்து."

அவள் ஊற்றினாள். நிறுத்தப் போனபோது இன்னும் என்றார். டீ விளிம்பில் வந்து நின்றது. மூச்சு விட்டால் வழியும். மூத்தவர் டம்ளரின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். அவள் கையில் கரித்துணியோடு பின்னாலேயே வந்தாள், கொட்டினால் துடைக்கலாம் என்றோ, பார்க்கும் ஆவலிலோ, யாருக்குத் தெரியும்? ஆணியும் எழுந்து வந்தார்.

இருக்கைகளுக்கு நடுவே நடந்து, மேடைப் படி ஏறினார். மேடையில் பாம்பு பாம்பாகக் கிடந்த ஒயர்களை ஒவ்வொன்றாகத் தாண்டினார். தலை நிமிர்ந்திருந்தது, கண் டம்ளரில் இல்லை. மேனேஜர் முன்னால் அதை வைத்தார். மேசையில் ஒரு சொட்டு இல்லை, டம்ளரின் வெளிப்புறத்தில் ஒரு கோடு இல்லை.

"குடிங்க சார், ஆறிடும்."

"என் டம்ளர்ல இவ்வளவு பிடிக்கும்னு எனக்கே தெரியாது" என்று கேன்டீன்காரம்மா ஆணியின் காதில் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

மேனேஜர் டம்ளரைத் தூக்கவில்லை. தூக்கினால் கொட்டிவிடும் என்று அவருக்கே பயம். குனிந்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு நிமிர்ந்தார். சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அப்ப இந்தப் பல்பைப் போட்டது யாரு?" என்றார் மேனேஜர்.

ஒரு விரலை நீட்டினால் போதும், மூத்தவரின் பெயர் அந்த நிமிஷமே சுத்தமாகிவிடும். ஆனால் வீட்டுக்குள் நடந்ததை வெளியாள் மேசையில் விரித்து வைக்கிற பிறவி இல்லை அவர்.

"எங்க வீட்டுக் கை சார்" என்றார். "அதுக்கு நான் பொறுப்பு. அதுக்கு மேல கேக்காதீங்க."

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை.

"சரி, கேக்கல. இனிமே மேல நீங்களே ஏறுங்க. இன்னைக்கு ஒத்திகைக்குள்ள வெளிச்சம் வந்தாப் போதும்."

காப்பாற்ற வேண்டிய பெயரைக் காப்பாற்றியாயிற்று. மூத்தவர் பெட்டியிலிருந்த புதுப் பல்புகளில் ஒன்றை எடுத்தார். அதன் மேலே எழுதியிருந்த வாட்டையும் விளக்கின் முதுகில் எழுதியிருந்த வாட்டையும் ஒத்துப் பார்த்து வாங்கி வைத்திருந்த பல்பு. உறையோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஏணிக்கு வந்தார். சின்னவன் பழக்கத்தில் ஓடிவந்து ஏணியைப் பிடித்து, அடிக்கட்டையில் காலை ஊன்றினான்.

மூத்தவர் ஏறவில்லை.

"ஆணி, நீங்க வந்து பிடிங்க."

"அண்ணே, நான் பிடிச்சிருக்கேன்ல?" என்றான் சின்னவன்.

"கைய எடு."

ஆணி தலையைச் சொறிந்தார். "எனக்கு இதெல்லாம் பழக்கமில்லயே."

"பழக்கம் வேணாம். பிடிச்சாப் போதும்."

அப்பா காலத்திலிருந்து வெளியாள் ஒருவன் அந்த ஏணியைப் பிடித்ததில்லை. ஆணி வந்தார். சின்னவனின் விரல்கள் ஒவ்வொன்றாக ஏணியை விட்டன. மூத்தவர் ஏறினார். இன்று ஒவ்வொரு படியிலும் நின்று கீழே பார்த்துக்கொண்டு ஏறினார்.

பல்பை உறையோடு செருகினார். எழுத்து கதவைப் பார்த்து உட்கார்ந்தது. உறையைக் கழற்றினார். கதவை மூடப் போகும்போது கீழேயிருந்து குரல் வந்தது.

"தொட்டுட்டேன்."

மெல்லிய குரல். கூடத்துக்கே கேட்கும்படி சொல்ல வேண்டிய சொல்லை ஏணியிடம் சொல்வதுபோலச் சொன்னான். பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொன்னான்.

"அண்ணே, தொட்டுட்டேன்."

மூத்தவர் கதவை மூடித் திருகினார். வழக்கம் என்றால் வழக்கம்தான். திட்ட முடியாது, ஏன் என்று கேட்க முடியாது. வேலைக்கு வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்.

"எதெல்லாம்?"

"முன்வரிசை முழுசும். நீங்க ஊர்ல இல்லாதப்ப ஆட்டக்காரங்க வெளிச்சம் போதலன்னாங்க, எல்லாத்தையும் மாத்தினேன். துணியத் தேடினேன், கிடைக்கல. அவசரம். எப்படியோ ஓடிடும்னு..."

"ஏன்னு நான் கேக்கல."

சின்னவன் நிறுத்தினான்.

மூத்தவர் பையிலிருந்து ஸ்பிரிட்டில் நனைத்த துணியை எடுத்தார். சொன்னவனுக்குத் துணி கொடுக்க வேண்டும், அதுவும் வழக்கம். மேலேயிருந்து போட்டார். சின்னவன் இரண்டு கையாலும் பிடித்தான். அந்த ஒரு கணம் அவன் முகம், கணக்குப் பரீட்சை அன்று வாசலில் நின்ற முகமாக மாறியது. அப்பா சிரித்துவிட்டதைப்போல அண்ணனும் சிரித்துவிடுவார், வீட்டுக்குப் போய் ஒன்றாகச் சாப்பிடலாம் என்று நினைத்துவிட்டான்.

மூத்தவர் அவனைப் பார்க்கவில்லை. அடுத்த விளக்கின் பிளக்கைப் பிடுங்கினார்.

துணி எதற்கு என்பது சின்னவனுக்கு ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. பல்பு எரிவதற்கு முன்னால் சொன்னால் துடைக்கலாம். எரிந்த பிறகு அந்த விரல் கண்ணாடிக்குள்ளே போய்விடுகிறது. எவ்வளவு ஸ்பிரிட் ஊற்றினாலும் வராது. முழுப் பல்பையும் கழற்றி எறிவதைத் தவிர வேறு வழி கிடையாது. இத்தனை வாரங்களாக எரிந்த வரிசை அது.

ஒவ்வொரு கதவும் திறந்தது. ஒவ்வொன்றிலும் எழுத்து முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பல்பிலும் எங்கோ ஓரிடத்தில் வெள்ளைப் பொட்டு. மூத்தவர் ஒன்றையும் கீழே காட்டவில்லை. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார், புதியதை உறையோடு செருகினார், எழுத்தைத் திருப்பினார், மூடினார்.

"நகர்த்துங்க, ஆணி" என்றார். ஆணி நகர்த்தினார். வரிசை பாதியைத் தாண்டும்போது ஆணிக்கும் கை பழகிவிட்டது. அடிக்கட்டையில் காலை ஊன்றிக்கொள்ளக்கூடக் கற்றுக்கொண்டார்.

சின்னவன் மேடை நடுவில், அந்த மெத்தை நாற்காலிக்குப் பக்கத்தில், துணியை விரித்த கையோடு நின்றான். துடைக்க அவனிடம் எதுவும் வரவில்லை. கடைசி விளக்கின் கதவு மூடியபோது குனிந்து கையைப் பார்த்தான். ஸ்பிரிட் காற்றோடு போய், துணி காய்ந்துவிட்டிருந்தது.